கறுப்புத் துணிக்குள் அன்னக்கொடி

அன்னக்கொடி உலகத்தை முதன்முதலாகத் தலைகீழாகப் பார்த்தது ஒரு பங்குனி மாதத்து முற்பகலில். அப்போது அவள் மகாராணி வேஷத்தில் இருந்தாள்.

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற சாலையில், பசுமலையைத் தாண்டி, ஒரு புளியந்தோப்பை ஒட்டி அந்த ஸ்டூடியோ இருந்தது. ஹாலாஸ்யம் என்ற வக்கீல் தன் தொழிலை விட்டுவிட்டுக் கட்டியது. இரண்டு தகரக் கொட்டகைகள், வெயிலை வடிகட்ட மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிய ஒரு திறந்த களம், நடிகைகள் உடை மாற்ற ஓர் ஓலைத் தடுப்பு, அவ்வளவுதான். அன்று வானத்தில் ஒரு மேகம் வந்து நகர மனமில்லாமல் நின்றுவிட்டது. வெயில் வந்தால்தான் வேலை. களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல அன்னக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரர் பிச்சுமணி மட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய், விளம்பரப் படங்கள் எடுக்கிற பெட்டிக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் நின்றார்.

அவள் ஒட்டியாணம் குலுங்க அங்கே நடந்து போனாள்.

"அதுக்குள்ள அப்படி என்ன சாமி தெரியுது?"

பிச்சுமணி துணியிலிருந்து வெளியே வந்தார். அவருக்கும் அவள் வயதுதான் இருக்கும். மேலாவணி மூல வீதியில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர்.

"பாக்கறேளா?" என்றார். "கிரீடத்தைக் கழட்டணுமே."

அவள் கிரீடத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணிக்குள் தலையை நுழைத்தாள். முதலில் இருட்டு. துணியில் வேர்வையும் மருந்தும் கலந்த ஒரு வாடை. பிறகு, கண் பழகப் பழக, எதிரே ஒரு கண்ணாடிச் சதுரம் மெல்ல ஒளி பெற்றது. அதில் பரங்குன்றத்து மலை மேலிருந்து கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பனைமரங்கள் தலையைக் கீழே விட்டு நின்றன. கண்ணாடியின் மேல் விளிம்பில் ஓர் ஆட்டுக் கூட்டம் கால்களை மேலே வைத்துக்கொண்டு நிதானமாகப் போனது. எல்லாம் அதனதன் நிறத்தோடு இருந்தன. மலையின் பழுப்பும் வேலியோரத்துப் பச்சையும் ஆடு ஓட்டிப் போனவளின் சிவப்புச் சேலையும், படத்தில் ஒருநாளும் வராத அந்த நிறங்கள், ஈரம் காயாதவை போல அங்கே நடுங்கின. சத்தமே இல்லை.

மேகம் விலகியதும் களத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. பிச்சுமணி கையில் கிரீடத்தோடு நின்றார். துணியைத் தூக்கவும் கூச்சமாக இருந்தது, பேசாமல் நிற்கவும் பயமாக இருந்தது.

வெகு நாள் கழித்து அதைப் பற்றிச் சொல்லும்போது அன்னக்கொடி மலையைப் பற்றியோ ஆடுகளைப் பற்றியோ அதிகம் சொல்லமாட்டாள். "என் மூஞ்சிய யாரும் பாக்கல. அதுதான் எனக்கு அதிசயமா இருந்துச்சு" என்பாள்.

அவளுடைய முகத்தை எல்லாரும் பார்க்கத் தொடங்கி அப்போதே வெகு காலம் ஆகியிருந்தது. பேரையூருக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு சோடி மாடும் இருந்தன. தாய் ஒச்சாயி காலராவில் போய்விட்டாள். அடுத்த இரண்டு மூன்று வருஷம் மழையும் போய்விட்டது. அந்தச் சமயத்தில் பெண்களே எல்லா வேஷமும் கட்டுகிற நாடகக் கம்பெனி ஒன்று பேரையூருக்கு வந்தது. அடுத்த ஊருக்குத் திரைச்சீலைகளைக் கொண்டுபோக அன்னக்கொடியின் தகப்பன் கருத்தக்கண்ணனை வண்டிக்குப் பேசினார்கள். அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு போனார். உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர் என்று கம்பெனி போய்க்கொண்டே இருக்க, அவரும் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தார்.

சுருட்டி வைத்த திரைகளின் மேல் படுத்துத்தான் அவள் வளர்ந்தாள். வண்டி ஆடும்போது கன்னத்துக்குக் கீழே ஒருநாள் அரண்மனை இருக்கும், ஒருநாள் காடு இருக்கும். வெயில் ஏறினால் திரையிலிருந்து பசை வாடை கிளம்பும். கட்டாந்தரையில் தொலைவில் கானல் எழுந்து, இல்லாத கண்மாய் ஒன்று வண்டிக்கு முன்னால் நகர்ந்துகொண்டே வரும். குழந்தை வேஷத்தில் மேடை ஏறியவள் பிறகு தோழி ஆனாள், பிறகு கதாநாயகி ஆனாள். அந்தக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டுகிறவள் மலையம்மாள். நல்ல உயரம், கனத்த குரல். அவள் மேடையில் வாளை உருவினால் முன்வரிசையில் இருக்கிற ஆண்கள் காலை இழுத்துக்கொள்வார்கள்.

மேடையில் நின்றால் காஸ் விளக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெரியாத அந்த இருட்டு முழுக்கக் கண்கள் இருக்கின்றன என்று மட்டும் தெரியும். பேசும் படம் வந்தபின் பம்பாய்க்குப் போய் இரண்டு படங்களில் நடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பியபோது, அந்தக் கண்கள் இருட்டை விட்டு வீதிக்கு வந்துவிட்டன. புதுமண்டபத்தில் வளையல் வாங்க நின்றால் கூட்டம் சேர்ந்துவிடும். யாரும் தப்பாக ஒன்றும் பேசியதில்லை. சும்மா பார்ப்பார்கள். முகத்தில் ஈ உட்கார்ந்து எழுந்து உட்காருவது போல இருக்கும் அவளுக்கு.

மகாராணி படம் முடிந்து மதுரையில் வெளியானபோது மாலைக் காட்சிக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். திரையில் பெரிதாக ஒருத்தி வந்து அழுதாள், பாடினாள், கோபப்பட்டாள். அன்னக்கொடிக்கு அவளிடம் ஒட்டவே இல்லை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சுவரில் வேப்பிலைகளின் நிழல் அசைந்துகொண்டிருந்தது. படம் பிடித்த அன்று காற்று அடித்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் கேமரா அதைப் பார்த்திருக்கிறது, வைத்துக்கொண்டிருக்கிறது. படம் முடியும்வரை ராணியை விட்டுவிட்டு அவள் நிழல்களையே பார்த்தாள்.

மறுவாரம் ஹாலாஸ்யம் அடுத்த கதையோடு வந்தார். ஸ்டூடியோ புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னார். பிச்சுமணியும் பக்கத்தில் இருந்தார். அன்னக்கொடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"முதலாளி, நான் இனிமே வேஷம் கட்டல."

"ஏன், கதை பிடிக்கலையா? மாத்திடலாம்."

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

"எந்தப் பக்கம்?"

"கேமராப் பக்கம்."

ஹாலாஸ்யம் பிச்சுமணியைப் பார்த்தார். இது ஏதோ இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட விளையாட்டு என்று நினைத்தார் போலிருக்கிறது.

பிச்சுமணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பேயாண்டி பட்டாளத்துக்குப் போனதிலேர்ந்து எனக்கு உதவிக்கு ஆள் இல்லே."

"அதுக்கு இவளா? ஜனங்க இவ மூஞ்சியைப் பாக்கத்தானே வரா."

"பாத்தாச்சே முதலாளி" என்றாள் அன்னக்கொடி. "இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாப்பாக."

ஹாலாஸ்யத்துக்குக் கோபம் வரவில்லை. வக்கீலாக இருந்தபோது எதிர்க்கட்சி சாட்சியைப் பார்ப்பது போல அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு படம் நில்லு. கறுத்துப் போயி, கை காச்சுப் போயி, நீயே வந்து வேஷம் கேப்பே" என்றார். அவள் கடைசிவரை வேஷம் கேட்கவில்லை.

அவனியாபுரத்தில் அவள் தகப்பனுக்கு ஒரு வீடும் மாட்டுக் கொட்டிலும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அங்கே போய் விஷயத்தைச் சொன்னாள். கருத்தக்கண்ணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே ஆளுக வாசல்ல வந்து நிக்க மாட்டாகளா, ஆத்தா?"

"மாட்டாக அய்யா."

"நல்லதாப் போச்சு. மாடு மிரளாம இருக்கும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அவள் வேலை பழகினாள். பிலிம் மாற்றுவதற்கு ஒரு கறுப்புப் பை உண்டு. அதன் இரண்டு கைகளுக்குள் தன் கைகளை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரல்களாலேயே சுருளை எடுத்துப் பெட்டிக்குள் கோக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும்போது அவள் எங்காவது தொலைவில் பார்த்துக்கொண்டிருப்பாள். நினைவு வேறெங்கோ மிதக்கும், விரல்கள் மட்டும் இருட்டுக்குள் விழித்திருக்கும். ஒலி வேண்டாத காட்சிகளுக்குக் கையால் சுற்றுகிற பழைய கேமராவைப் பயன்படுத்துவார்கள். கைப்பிடியை ஒரே கதியில் சுற்ற வேண்டும். கை தயங்கினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், கை முந்தினால் மிதப்பார்கள். மேடையில் தாளத்துக்குப் பழகிய உடம்பு அவளுடையது. நெஞ்சுக்குள் ஒரு தாளத்தை ஓடவிட்டு அதன்மேல் கையை வைத்துவிடுவாள்.

தவறும் செய்தாள். ஒரு தடவை பிலிம் டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் வெளிச்சம் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு காலை முழுக்க எடுத்தது பாழ். கழுவிப் போட்டுப் பார்த்தபோது திரையெங்கும் வெள்ளைப் புகை மலர்ந்து மலர்ந்து அடங்கியது, அதற்குள் மனிதர்கள் கனவில் வருவதுபோல வந்து கரைந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

"நானும் பண்ணியிருக்கேன்" என்று பிச்சுமணி சொன்னார். "நீ போய்ச் சாப்பிடு."

அதுவரை அவளை 'நீங்க' என்று சொல்லிவந்தவர் அன்று முதல் 'நீ' என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது. பாழாய்ப்போன அந்தத் துண்டைத் தூக்கி எறியச் சொன்னார்கள். அவள் எறியவில்லை, தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதில் ஏதோ ஓர் அழகு இருப்பதாக அவளுக்குப் பட்டது. யாரிடமும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

யுத்தம் முற்ற முற்ற பிலிம் கிடைப்பது அரிதாயிற்று. சர்க்கார் அனுமதித்த அளவுக்குள் படம் முடிந்தாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஹாலாஸ்யம் ஒரு சமூகக் கதையைத் தானே டைரக்ட் செய்யத் தொடங்கினார். பட்டாளத்துக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. அந்தத் தாயாக நடிக்க வந்து இறங்கியவள் மலையம்மாள்.

நாடகக் கம்பெனி கலைந்துபோயிருந்தது. ராஜாவாகவே வாழ்ந்தவளுக்கு நாற்பதைத் தாண்டியபின் தாய் வேஷம். முகத்தில் கனமாக மாவு பூசிக்கொண்டு களத்துக்கு வந்தவள், கேமராப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள்.

"ஏ கொடி, இங்க என்னடி பொட்டியத் தொடச்சுக்கிட்டு நிக்கிற? ஒனக்கு வேஷம் கொடுக்கலையா?"

"இப்ப இதான் அக்கா எனக்கு வேலை."

மலையம்மாளின் முகம் வாடிவிட்டது. அவள் அன்னக்கொடியின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். "எல்லாருக்கும் ஒரு காலம் வரும், போகும். மனசை விட்டுறாத" என்றாள். அன்னக்கொடி விளக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் மலையம்மாள் தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு எடுத்து வைத்தாள்.

ஆற்று மணலில் எடுக்க வேண்டிய காட்சிதான் கதைக்கு உயிர். தேனூர்ப் பக்கம் வைகை அகன்று கிடக்கிற இடத்தில், மகன் போன திசையைப் பார்த்துத் தாய் கதற வேண்டும். பாட்டைப் பிறகு சேர்த்துக்கொள்வதாக இருந்ததால் கையால் சுற்றுகிற கேமராவே போதும். எல்லாம் தயாரான சமயத்தில் பிச்சுமணிக்கு மலேரியா வந்துவிட்டது. மேற்கே மலையில் மழை தொடங்கியதாகப் பேச்சு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மணலுக்கு அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். ஹாலாஸ்யம் பிச்சுமணியின் வீட்டுக்கே போனார். அவர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"அன்னக்கொடி சுத்துவா" என்றார் பல் கிட்ட.

"யோசிச்சுச் சொல்லு. கையில இருக்கறது கடைசிச் சுருள்."

பக்கத்தில் கஞ்சியோடு நின்ற அவருடைய மனைவி பாலாம்பாள் சொன்னாள்: "நேத்திலேர்ந்து ஜுரத்துல அதையேதான் சொல்லிண்டிருக்கார்."

மறுநாள் காலையில் கருத்தக்கண்ணனின் வண்டிதான் அவர்களை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. வேறு யாரையும் நம்பி அந்தக் கேமராவை ஏற்ற அன்னக்கொடிக்கு மனமில்லை. வண்டி மணலில் இறங்கி நின்றது. கேமராவை இறக்கி நிறுத்தினார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைச் சாய்த்து வெயிலைத் திருப்பினார்கள். மலையம்மாள் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அய்யரு எங்க?" என்று கேட்டாள்.

"அவனுக்கு ஜுரம். அன்னக்கொடி எடுக்கறா" என்றார் ஹாலாஸ்யம்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். ஹாலாஸ்யம் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் அங்கும் இங்கும் நடந்தார். அன்னக்கொடி வண்டிக்குப் போய்ச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்மேல என்ன கோவம்?"

"கோவமில்லடி." மலையம்மாளின் குரல் தணிந்திருந்தது. "ஆம்பள படம் பிடிச்சா ஏதோ அழகுன்னு நெனச்சுப் பிடிப்பான். நீ என்னைய அறிஞ்சவ. உள்ளதப் பிடிச்சிருவ."

மலையம்மாள் சொன்னதில் பொய் இல்லை. காளைகள் நுகத்தடியில் தலையை ஆட்டின. ஆற்றின் அக்கரையில் தென்னைகள் வெயிலில் அசையாமல் நின்றன. தொலைவில் மணல் ஈரம்போல மினுங்கியது. அங்கே ஈரம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீங்க வந்து பொட்டிக்குள்ள பாருங்க. நான் போய் அங்கன நிக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி.

"நான் பாத்து?"

"பாருங்க. பெறகு வீட்டுக்குப் போறதுன்னாலும் போகலாம்."

மலையம்மாள் இறங்கினாள். அன்னக்கொடி அவளைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி, எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, வெறுங்காலோடு மணலில் நடந்து போனாள். நடிப்பை விட்டபின் அவள் ஒரு கேமராவுக்கு முன்னால் போவது அதுதான் முதல் தடவை. மாவு இல்லை, நகை இல்லை. எண்ணெய் காணாத கூந்தல் காற்றில் பிரிந்து பறந்தது. வெயிலில் அலைந்து கறுத்த முகம். ஓர் இடத்தில் நின்று திரும்பி, எதுவும் செய்யாமல், கேமராவின் கண்ணாடியைப் பார்த்தாள்.

மலையம்மாள் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"கொடி" என்று கூப்பிட்டாள் மலையம்மாள். மேடையில் கடைசி வரிசை வரை போன அந்தக் குரல் மணலைத் தாண்டிச் சுலபமாகப் போயிற்று. "ஒன் கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்குடி."

"தெரியும் அக்கா."

"நல்லா இருக்குடி அது."

பிறகு அவள் ஆற்று ஊற்றுக்குப் போய், குனிந்து, முகத்தில் இருந்த மாவையெல்லாம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து தனக்குக் குறித்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அவள் கையை உயர்த்திக் கதற வேண்டும் என்பது ஏற்பாடு. அன்னக்கொடி கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள். மலையம்மாள் கதறவில்லை. மேற்கே பார்த்தாள். அப்புறம், தண்ணீருக்கு வந்த பெண் செய்வதுபோல, மணலைக் கையால் தோண்டத் தொடங்கினாள். அள்ளி அள்ளிப் பக்கத்தில் போட்டாள். குழி ஆழமானதும் அடியில் தண்ணீர் கசிந்து கூடியது. அதைக் கையில் ஏந்தினாள், குடிக்கவில்லை. விரலிடுக்கில் அது வடிந்து போகும்வரை வைத்துக்கொண்டு மறுபடியும் மேற்கே பார்த்தாள்.

அப்போது காற்று எழுந்தது. ஆற்றின் நீளத்துக்கும் மணல் ஒரு மெல்லிய திரையாகக் கிளம்பி அவள்மேல் வந்து படிந்தது. அவள் மறைந்தாள், மீண்டும் தெரிந்தாள்.

"நிறுத்து, நிறுத்து. எல்லாம் போச்சு" என்றார் ஹாலாஸ்யம்.

அன்னக்கொடி நிறுத்தவில்லை. பிறகு ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கை தாளத்தில் போய்க்கொண்டிருந்தது, கண் அந்த மங்கலுக்குள் இருந்தது, தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது என்பாள். மலையம்மாளும் அசையவில்லை. மணல் அவள் தலைமுடியை நரைக்கச் செய்துகொண்டே இருந்தது. சுருள் தீர்ந்து, பெட்டிக்குள் பிலிமின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டபோதுதான் அன்னக்கொடி கையை எடுத்தாள். மாடுகளின் கழுத்துமணி மட்டும் கேட்டது. இருந்த கடைசிச் சுருளும் போய்விட்டதே என்று ஹாலாஸ்யம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கழுவிய படத்தை ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்த அன்று பிச்சுமணியும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். திரையில் மணலும் ஒளியும் வேறுபாடில்லாமல் கலந்து ஓடின. அதற்கு நடுவே ஒரு முகம், வயதான முகம், தோன்றியும் மறைந்தும் காத்திருந்தது. ஓடி முடிந்ததும் ஹாலாஸ்யம் மறுபடியும் போடச் சொன்னார். பிச்சுமணி அன்னக்கொடியின் பக்கம் திரும்பி, "காத்து வந்தப்போ லென்ஸுக்குள்ள மணல் போயிருக்குமே, தொடச்சியா?" என்று கேட்டார். எழுந்து போகும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். ஜுரத்தினால் கண்ணில் நீர் வடிகிறது என்றுதான் அப்போது நினைத்தாள்.

படம் பிரமாதமாக ஓடியது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்சியின்போது தியேட்டரில் வெற்றிலைப் பெட்டி திறக்கிற சத்தம்கூட இருக்காது. அன்னக்கொடி பெண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்தில் ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அழுதாள். "ஏம்மா அழுகுற?" என்று கேட்டதற்கு, "எங்க ஆத்தா இப்படித்தான் ஒக்காந்திருக்கும்" என்றாள். முன்பெல்லாம் ஊரே தேடிவந்து பார்த்த மகாராணியின் முகம் தனக்குப் பக்கத்திலேயே இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு அவசியமும் இல்லை. அந்த இருட்டில் அன்னக்கொடி காற்றில்லாத கண்மாய்போல நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

படத்தின் தொடக்கத்தில் 'கேமரா: பிச்சுமணி, ஏ. கொடி' என்று போட்டிருந்தார்கள். பெண்பிள்ளை என்று தெரிந்தால் வெளியூரில் படத்தை வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள் என்று ஹாலாஸ்யம் அப்படிச் செய்திருந்தார். அன்னக்கொடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையம்மாள்தான் ஸ்டூடியோவுக்கு வந்து புளியமரத்தடியில் அவரைப் பிடித்தாள்.

"என்ன முதலாளி, கொடி மட்டும் இருக்கு. அன்னத்த யாரு தின்னா?"

ஹாலாஸ்யம் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுக்க முடியவில்லை. அடுத்த படத்தில் முழுப் பெயரும் வந்தது.

அந்த அடுத்த படத்தில் மலையம்மாளுக்கும் ஒரு வேஷம் இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். மணலில் உட்கார்ந்ததே போதும், அதற்குமேல் தன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் ஸ்டூடியோவுக்கு வருவதை நிறுத்தவில்லை. வசனத்தை வாய்க்குள் முழுங்குகிற நடிகைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லச் சொல்வாள். எந்த வார்த்தையில் மூச்சு வாங்குவது, எந்த இடத்தில் பேசாமலே விடுவது என்று சொல்லிக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அவளைக் கேட்காமல் ஹாலாஸ்யம் ஒரு காட்சியும் எடுப்பதில்லை என்றாயிற்று. கேமராவுக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள் போடுவார்கள். ஒன்றில் மலையம்மாள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மற்றது காலியாகவே இருக்கும்; அன்னக்கொடி நின்றுகொண்டேதான் இருப்பாள்.

யுத்தம் முடிந்தபின் பெரிய முதலாளிகள் எல்லாம் சென்னைக்குப் போனார்கள். பிச்சுமணியும் போனார். கூட வரச்சொல்லி அன்னக்கொடியைக் கூப்பிட்டார். தகப்பனுக்கு வயதாகிவிட்டதால் அவள் போகவில்லை. ஹாலாஸ்யத்தின் ஸ்டூடியோ பஞ்சுக் கிடங்காக மாறியது. பழைய கைக் கேமராவை அவர் அவளிடமே கொடுத்துவிட்டார். வயலும் மலையும் ஆறும் வேண்டுமென்று மதுரைப் பக்கம் வருகிற கம்பெனிகள் அவளைத் தேடிவந்தன. அவள் வந்தால் மலையம்மாளும் வருவாள் என்பது எழுதாத ஒப்பந்தம்.

நாற்பத்தெட்டில், தை மாதம், கப்பலூர்க் கண்மாயில் ஒரு காட்சி எடுத்தார்கள். கண்மாய் நிறைய அல்லி. நீர்மேல் பனி இன்னும் முழுதாக எழவில்லை. கரையில் நிற்கிற மாடுகளுக்குக் கால்கள் இல்லாததுபோல இருந்தது. தண்ணீருக்கு வந்த ஊர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள். அழகம்மாள் என்ற ஒருத்தி துணிந்து கிட்டே வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நடிக்கிறவுக நீங்க ரெண்டு பேருல யாரு தாயி?"

"நாங்க இல்லம்மா" என்றாள் மலையம்மாள். "அந்தா மரத்தடியில பவுடர் போட்டுக்கிட்டு நிக்கிதே, அந்தப் புள்ள."

"அப்ப நீங்க?"

"இவ பாக்குறவ. நான் கத்துறவ."

அழகம்மாளுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படித்துறையில் இறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். பனிக்குள் ஒருவர்பின் ஒருவராகப் போகிற குடங்களை அன்னக்கொடி பார்த்தாள். கதையில் இல்லாத காட்சிதான். காட்சிக்குள் வந்துவிட்ட அவர்களை மலையம்மாள் அதட்ட வாயெடுத்தாள்.

"சத்தம் போடாதீக அக்கா" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள்.